ஸ்டிப்பே வீட்டு இரும்பு மூடி

ஆஸ்திரேலியாவுக்கு என்னை அனுப்பியது என் திறமையைப் பார்த்துத்தான் என்று என் மனைவி இன்றுவரை நம்புகிறாள். உண்மையில் எனக்கு முன்னால் வரிசையில் இருந்தவருக்கு அந்த மாதம் மஞ்சள் காமாலை. அவருக்கு அடுத்தவருக்கு மகள் கல்யாணம். மூன்றாவதாக நின்ற எனக்கு நோயும் இல்லை, மகளும் இல்லை. கோட்டு தைக்கக் கொடுத்தேன்.

நான் நெய்வேலியில் உதவிப் பொறியாளர். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் மண்ணில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. கறுப்பு நிலக்கரிக்காரர்கள் அதைக் கரி என்றே ஒப்புக்கொள்வதில்லை. பீகாரிலிருந்து வந்த ஒருவர் எங்கள் சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதிலே கத்திரிக்காய் போட்டால் நன்றாக வரும்" என்று சொல்லிப் போனார். அந்தக் கரியைப் பொடித்து, உலர்த்தி, கட்டியாக அழுத்தி, கடைசியில் ஒரு பெரிய உலையில் வாட்டுவோம். வாட்டும்போது அதில் உள்ள புகையும் தாரும் போய்விடும். மிஞ்சும் கரிக்கட்டியைத்தான் மெட்ராஸில் பல வீடுகளில் குமுட்டி அடுப்பில் போட்டுச் சமைத்தார்கள்.

வாட்டும் உலை அடிக்கடி மக்கர் செய்யும். எங்கள் மேலதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. "ஆஸ்திரேலியாவில வாட்டாத கட்டியையே வீட்டுக்கு வீடு எரிக்கிறானாமே. நாம மட்டும் எதுக்கு வாட்டணும்? போய்ப் பாத்துட்டு வாங்க. சமையலுக்கு ஆகுமா ஆகாதான்னு ஒரே வரியில சொல்லுங்க, போதும்." அந்த ஒரு வரியை எழுதத்தான் நான் கடல் கடந்தேன்.

முதலில் சிட்னி. விமான நிலையத்திலேயே என் எலுமிச்சை ஊறுகாயைச் சுங்க அதிகாரி இரண்டு விரலால் தூக்கி, மூடியைத் திறந்து பார்த்து, தன் நாட்டு விவசாயத்தின் நலன் கருதிக் குப்பையில் போட்டார். நான் சைவம். அன்று மதியம் ஓட்டலில் இறைச்சி இல்லாமல் ஏதாவது கொடுங்கள் என்றேன். பரிமாறும் பெண் நெடுநேரம் யோசித்துவிட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த கேரட், வேகவைத்த பட்டாணி மூன்றையும் கொண்டுவந்தாள். மூன்றும் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் மிகுந்த ஆசாரத்தோடு உட்கார்ந்திருந்தன. இரவும் அதுவே வந்தது. மறுநாள் நான் உள்ளே நுழைந்ததுமே அவள் சமையலறைப் பக்கம் திரும்பி, "அந்த நோயாளி வந்துவிட்டார்" என்று குரல் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மெல்பர்ன். அங்கிருந்து கிழக்கே இரண்டரை மணி நேரத்தில் கரிப் பள்ளத்தாக்கு. ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே தகரக் கூரைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஸ்பிரிங்வேல் ஸ்டேஷன் போயிற்று, இன்னும் சில போயின. டாண்டினாங் வந்ததும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் பெருமிதத்தோடு உட்கார்ந்திருந்தேன். கூட்டிப் பெருக்க வந்தவர், "இது இதற்கு மேல் போகாது, நண்பரே" என்றார். நான் ஏறியிருந்தது உள்ளூர் ரயில். வெளியூர் ரயில் அரை மணி முன்னாலேயே என்னை விட்டுவிட்டுப் போயிருந்தது. நான்கு மணி நேரம் நடைமேடையில் குளிரில் உட்கார்ந்து, புதுக் கோட்டு காற்றைத் தடுக்குமே தவிரக் குளிரைத் தடுக்காது என்று தெரிந்துகொண்டேன்.

பள்ளத்தாக்கின் ஸ்டேஷனில் இறங்கியபோது இருட்டிவிட்டது. குல்லாய் போட்ட ஒருவர் என்னை நோக்கி வந்தார். "என்ன தம்பி, பிழையான ரெயிலில ஏறிப்போட்டீர் போல" என்றார் தமிழில். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கொஞ்சம் குளிராலும் இருக்கலாம். அவர் டாக்டர் நடேசன், யாழ்ப்பாணத்துக்காரர், அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பத்து வருஷமாக வேலை. எங்கள் அலுவலகத்தில் யாரோ யாருக்கோ எழுதி, அவர் எனக்கு ஒரு வீட்டில் அறை பார்த்து வைத்திருந்தார்.

"ஹோட்டல் வேண்டாம் தம்பி, அங்க உமக்குச் சாப்பாடு சரிவராது. என்ர பேஷண்ட் ஒருத்தன், ஸ்டிப்பே எண்டு பேர். கரி தோண்டுற கிடங்கில வேலை. அவன்ர மனிசி மாரா நல்லாச் சமைப்பா. ஒண்டு மட்டும் ஞாபகம் வைச்சிரும். அவையளை யூகோஸ்லாவியர் எண்டு சொல்லிப் போடாதேயும். குரோஷியர். சொன்னீரோ, சோறு கிடையாது."

"பாஸ்போர்ட்ல யூகோஸ்லாவியான்னு தானே போட்டிருக்கும் டாக்டர்?"

"ஓம். உம்மை எல்லாரும் பம்பாயோ எண்டு கேக்கேக்க உமக்கு எப்பிடி இருக்கும்? அதுதான்."

சிட்னியில் இரண்டே நாளில் ஏழு பேர் என்னைப் பம்பாயா என்று கேட்டிருந்தார்கள். விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது.

ஸ்டிப்பே ஒரு பெரிய மனிதர், எல்லா அளவிலும். கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீர் மாதிரி ஒன்றை நீட்டினார். ராக்கியா என்றார், அவர்கள் ஊர்ச் சாராயம். வாசம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை நினைவுபடுத்தியது. நான் மறுத்ததும் என் பங்கையும் அவரே குடித்து என் உடல்நலத்தை வாழ்த்தினார். மாரா எனக்காக எடுத்து வைத்திருந்த உணவைக் கொண்டுவந்தார். பீப்பாயில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் இலைக்குள் அரைத்த இறைச்சியை வைத்துச் சுருட்டிய பதார்த்தம், சர்மா என்று பெயர். நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று சொன்னேன். மாரா பொறுமையாக ஒவ்வொரு சுருளையும் பிரித்து, இறைச்சியைத் தட்டி எடுத்துவிட்டு, வெறும் இலையை மட்டும் என் தட்டில் வைத்தார்.

டாக்டர் எனக்காக விளக்கம் சொல்லத் தொடங்கினார். இறைச்சி தொட்ட இலையும் கூடாது என்பது மாராவுக்கு மெல்ல விளங்கியது.

"நோன்பா?" என்றார்.

"அப்படித்தான்."

"எவ்வளவு நாளா?"

"பொறந்ததிலேர்ந்து."

மாரா என்னைப் பார்த்த பார்வையில், நான் பிறப்பதற்கு முன்பே என்ன பாவம் செய்திருப்பேன் என்ற கேள்வி இருந்தது. பிறகு அவருக்கு ஒரு வழி தோன்றியது. அவர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடமாட்டார்கள். அன்றைக்கென்று தனிச் சமையல் உண்டு. "அப்போ உங்களுக்கு வாரத்தில் ஏழும் வெள்ளிக்கிழமை" என்று தீர்ப்பளித்துவிட்டு உள்ளே போனார்.

அரை மணியில் வந்தது பிளிட்வா. பெரிய இலைக் கீரையை உருளைக்கிழங்கோடு வேகவைத்து மசித்து, பூண்டை எண்ணெயில் வதக்கிக் கொட்டியது. பெருங்காயம் மட்டும் இருந்திருந்தால் என் அம்மா அதைத் தன்னுடையது என்று சொல்லியிருப்பாள். அங்கே காய்கறிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள அனுமதிக்கப்பட்டிருந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அன்று முதல் மாராவுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

அடுத்த நான்கு நாட்களும் சுரங்கம். நெய்வேலியைவிடப் பெரிய பள்ளம், குறைவான ஆட்கள், வெயிலே இல்லை. கரியைப் பார்த்ததும் கையில் எடுத்து முகர்ந்தேன். அதே ஈரம், அதே பழுப்பு. பக்கத்து ஊருக்கு வந்து சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அங்கே கட்டியாக அழுத்துவதோடு சரி, வாட்டுவதில்லை. அதற்குப் பிரிக்கெட் என்று பெயர். ஊரில் எல்லா வீட்டுப் புகைபோக்கியிலிருந்தும் அதன் புகை வரும். துவைத்துக் காயப்போட்ட துணி, ரொட்டி, தபால் எல்லாவற்றிலும் அந்த மணம் இருக்கும். இரண்டாம் நாளிலிருந்து எனக்கு அது தெரியாமல் போயிற்று. ஆனால் ஒரு வீட்டிலும் அதில் சமைத்து நான் பார்க்கவில்லை. வீட்டைச் சூடாக்கவும் வெந்நீர் போடவும்தான். சமையலுக்கு எரிவாயு. என் ஒரு வரி அப்படியே காலியாக நின்றது.

வியாழக்கிழமை மாலை ஸ்டிப்பே என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போனார். கோஸ், பூண்டு, கீரைப் பாத்திகள், இலை உதிர்ந்த திராட்சைக்கொடி, ரோஸ்மேரி என்று ஒரு மணக்கும் புதர். மூலையில் செங்கல் பரப்பிய ஒரு மேடை. அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தது ஒரு இரும்பு மூடி. மணி போல உருண்டு, மேலே வளையம் வைத்து, தூக்கப் பார்த்தால் இரண்டு கை வேண்டும்.

பேக்கா என்றார். சூடேற்றிய செங்கல்மேல் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த தட்டை வைத்து, இந்த மூடியால் மூடி, மேலேயும் சுற்றிலும் தணலைக் குவிக்க வேண்டும். இரண்டு மணி நேரம். நடுவில் ஒரே ஒரு முறை திறந்து திருப்பிப் போடலாம். கடலோரத்தில் அவர்கள் ஊரில் இதுதான் பெரிய விருந்து.

"அம்மாவோட மூடி" என்றார். பிறகு உட்கார்ந்து கதையைச் சொன்னார்.

ஸ்டிப்பேயின் தம்பி லூக்கா. ஸ்டிப்பே முதலில் ஆஸ்திரேலியா வந்தார், வரும்போது மூடியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மூத்தவனுக்குத்தானே என்ற நினைப்பு. லூக்கா அம்மாவோடு கடைசிவரை இருந்து, அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தார். சாகும்போது அம்மா மூடி உனக்குத்தான் என்று சொன்னாளாம். இங்கே வந்து அதைக் கேட்டால், மூத்தவனுக்குத்தான் என்று அண்ணன் கொடுக்கவில்லை. அன்று போட்ட சண்டையில் லூக்கா சாப்பிடாமல் எழுந்து போனவர், சிட்னிக்குத் தெற்கே வொலங்காங்கில் கறுப்புக் கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பதினோரு வருஷம் பேச்சு இல்லை. இடையில் ஒரே ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. அதில், நீ தோண்டுவது கரி இல்லை, மண் என்று எழுதியிருந்ததாம்.

அதைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. பீகார்க்காரரின் கத்திரிக்காய் நினைவுக்கு வந்தது. நான் அந்த நிமிஷமே ஸ்டிப்பே கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

இப்போது ஸ்டிப்பேக்கும் மாராவுக்கும் பல வருஷம் கழித்து ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்கும்படி ஸ்டிப்பே தம்பிக்கு எழுதினார். அவர்களிடையே ஞானத்தகப்பன் என்றால் ரத்த உறவுக்கும் மேல். பதில் மூன்றே வரியில் வந்தது: "சனிக்கிழமை வருகிறேன். உன் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டால், குழந்தைக்கு நான் நிற்பேன். உட்காராவிட்டால் வேறு ஆளைப் பார்."

"சாப்பிடுவாரா?" என்று கேட்டேன்.

"மூடி நல்லா வேலை செஞ்சா சாப்பிடுவான்" என்றார் ஸ்டிப்பே. "அம்மா கை ருசி வந்தாப் போதும்."

சனிக்கிழமை விடியும் முன் ஸ்டிப்பே தம்பியை அழைத்து வர மெல்பர்னுக்குக் காரில் போக வேண்டும். திரும்ப மதியம் ஒரு மணி ஆகும். வந்து நுழையும்போது மூடிக்கு அடியில் ஆடு தயாராக இருக்க வேண்டும். நெருப்பை யார் பார்ப்பது? மாராவுக்குக் குழந்தையும் ரொட்டியும் கோஸும். தெருவில் வேறு நான்கு குரோஷியர்கள் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவனுக்கும் அவன் அம்மா முறை ஒன்று உண்டு. கை வைக்காமல் இருக்கமாட்டான், திறந்து ருசி பார்ப்பான்.

"நீங்க பாருங்க, மிஸ்டர் இஞ்சினியர்" என்றார் ஸ்டிப்பே. "நீங்க எங்க ஊர் இல்ல. இறைச்சி தின்னமாட்டீங்க. திறந்து பார்க்கமாட்டீங்க. சொன்னதை மட்டும் செய்வீங்க."

முதல் மூன்றும் உண்மை.

வெள்ளி இரவு மழை. காற்று விறகுமேல் போட்டிருந்த படுதாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் எறிந்திருந்தது. ஸ்டிப்பே மாதக் கணக்கில் சேர்த்து வைத்த திராட்சைக் கொடிக் கட்டைகள் நனைந்து ஊறிக் கிடந்தன. காலை பத்து மணிக்கு நெருப்பு மூட்டினேன். கட்டைகள் சீறின, அழுதன, கண்ணெரியப் புகைந்தன. தணல் என்று ஒரு கைப்பிடி தேறவில்லை. பதினோரு மணிக்குள் மூடியேற்றாவிட்டால் கதை முடிந்தது. சூளை சூளையாகக் கரி வாட்டியவனுக்கு ஒரு ஆட்டை வேகவைக்க நெருப்பு கிடைக்கவில்லை.

கொல்லைக் கோடியில் ஒரு மரக்கொட்டகை. கதவைத் திறந்தேன். உள்ளே காய்ந்து பளபளவென்று அடுக்கடுக்காகப் பிரிக்கெட்.

என் கடமையும் ஸ்டிப்பேயின் கஷ்டமும் ஒரே இடத்தில் சந்தித்தது தெய்வச் செயல் என்றே எனக்குப் பட்டது. மெட்ராஸில் ஆயிரக்கணக்கான பெண்கள் கரிக்கட்டியில் சாம்பார் வைக்கிறார்கள். அது வாட்டிய கட்டி, இது வாட்டாதது. அந்த வித்தியாசம் சமையலுக்கு முக்கியமா என்பதுதானே நான் கண்டுபிடிக்க வந்தது? இரண்டு கூடை அள்ளிக்கொண்டு வந்தேன்.

என்ன அழகான நெருப்பு. சீறல் இல்லை, பொறி இல்லை. கொஞ்ச நேரம் மஞ்சளாகப் புகைந்தது, அவ்வளவுதான். செங்கல் சூடேறியதும் தட்டை வைத்து, மூடியைக் கவிழ்த்து, சுற்றிலும் மேலேயும் செக்கச்செவேலென்ற கட்டிகளை ஒழுங்காக அடுக்கினேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து நேரம், எண்ணிக்கை எல்லாம் குறித்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து, சொன்னபடி ஒரே ஒரு முறை திறந்தேன். உள்ளிருந்து ஒரு நெடி எழுந்து மூக்கில் அறைந்தது. ரோடு போடும் இடத்தில் தார் கொதிக்கும்போது வருமே, அது மாதிரி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடுக்கியால் துண்டுகளைப் புரட்டினேன். எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. என் வாழ்நாளில் ஆட்டிறைச்சி வேகும் இடத்தில் நான் நின்றதே இல்லை. கடைவீதியில் அந்தப் பக்கம் போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பவன். இறைச்சி என்றால் இப்படித்தான் நாறும் போலிருக்கிறது, இதற்குத்தான் உலகம் இத்தனை ஆசைப்படுகிறது என்று நினைத்து, அவரவர் ருசி அவரவருக்கு என்று பெருந்தன்மையோடு மூடினேன்.

மாரா சமையலறை வாசலில் குழந்தையோடு வந்து நின்று, "நல்லா வருதா?" என்று கேட்டார். உள்ளே புளித்த கோஸ் வெந்துகொண்டிருந்தது, அந்த மணத்தைத் தாண்டி வேறெதுவும் அவர் மூக்கை எட்டாது. வெளியே ஊர் முழுக்கப் பிரிக்கெட் புகை.

"ரொம்ப வாசனை" என்றேன் மனப்பூர்வமாக.

பன்னிரண்டரைக்கு டாக்டர் வந்தார். காற்றை மோந்து பார்த்து, "எங்கையோ ரெயில் எஞ்சின் நிக்குதோ தம்பி?" என்றார். நான் பகடி என்று நினைத்துச் சிரித்தேன். பகடி என்று அவரும் நினைத்திருக்க வேண்டும், அதற்குமேல் கேட்கவில்லை.

ஒரு மணிக்குக் கார் வந்தது. லூக்கா ஒல்லி. அண்ணனின் பாதிகூட இல்லை. கை முழுக்கத் தோலுக்கடியில் நீல நீலமாகப் பொட்டுகள். கறுப்புக் கரி சதையில் புகுந்து ஆறிய தழும்புகள் என்று டாக்டர் என் காதில் சொன்னார். மாராவின் கன்னத்தில் முத்தமிட்டார், குழந்தையைப் பார்த்தார், தூக்கவில்லை. மேஜையில் வெள்ளைத் துணி, ரொட்டி, ஒயின். ஸ்டிப்பே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். லூக்கா அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை.

"மூடி திறக்கட்டும்" என்றார், எங்களுக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில்.

நானே தட்டைத் தூக்கிவந்து மேஜை நடுவில் வைத்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் வைத்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். லூக்கா நின்றபடியே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். மெல்வது நின்றது. ஸ்டிப்பே ஒரு துண்டு எடுத்தார். அவர் தாடையும் நின்றது. டாக்டர் எடுத்த வேகத்தில் கைக்குட்டைக்குள் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதை எரிச்ச?" லூக்கா அண்ணனிடம் கேட்டார். பதினோரு வருஷத்தில் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. ஸ்டிப்பே என்னைப் பார்த்தார்.

"பிரிக்கெட்" என்றேன். வெப்பம் எவ்வளவு சீராக வந்தது என்பதையும் சொன்னேன்.

லூக்கா வாயிலிருந்ததை எடுத்து ரொட்டித் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அது கரி இல்ல, மண்ணு. எழுதினேனே" என்று சொல்லிவிட்டு, நாற்காலியிலிருந்து கையை எடுத்து, பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

ஸ்டிப்பே பெரிய உடம்பை அப்படியே நாற்காலியில் விட்டு, மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாரா குழந்தையை ஆட்டிக்கொண்டே அவரிடம் ஏதோ சொன்னார். பின்னாலேயே போ என்றிருக்க வேண்டும். அவர் எழவில்லை. ஒரு குடும்பத்தை நான் கெடுத்துவிட்டேன். அதுவும் ஒரே ஒரு வரிக்காக.

கொல்லையில் பளாரென்று ஒரு சத்தம். இன்னொன்று. மரம் பிளக்கும் சத்தம். அதற்குப் பின் லூக்காவின் குரல்: "ஸ்டிப்பே!"

ஸ்டிப்பே நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். நாங்கள் ஜன்னலுக்கு ஓடினோம். லூக்கா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொட்டகைக் கதவைப் பெயர்த்தெடுத்துக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தார். அந்தக் கொல்லையிலேயே காய்ந்த விறகு என்று இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான். அதைத் திறந்து உள்ளே போனவனுக்கு அது கண்ணில் படவில்லை.

கதவு நன்றாக எரிந்தது. அண்ணனும் தம்பியும் மண்டியிட்டு, மூடியைத் தணலில் புரட்டிப் புரட்டி, தார்க் கசண்டைச் செங்கல் துண்டால் சுரண்டினார்கள். சுரண்டிக்கொண்டே இருவரும் ஓயாமல் பேசினார்கள். அடிக்கடி வீட்டுப் பக்கம் கை நீண்டது.

"என்ன டாக்டர் சொல்றாங்க?"

பத்து வருஷம் அந்தச் சுரங்கத்துக்காரர்களின் முதுகு வலியைக் கேட்டுக் கேட்டே டாக்டருக்கு அந்த மொழி கொஞ்சம் வந்திருந்தது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து காதைக் கொடுத்தார்.

"உம்மைப் பற்றித்தான். உம்மட தாயை மட்டும் விட்டிட்டினம். மற்ற ஆக்கள் எல்லாரையும் சொல்லியாச்சு." இன்னும் கொஞ்சம் கேட்டார். "தம்பிக்காரன் சொல்லுறான், இப்பிடி ஒரு ஆளிட்டை அம்மாட மூடியைக் குடுத்த உனக்கு மூளை இல்லையெண்டு. தமையன் ஓம் எண்டுறான்." டாக்டர் நிறுத்தினார். "அது மண்தான் எண்டும் ஒத்துக்கொண்டிட்டான்."

இருபது வருஷம் அந்தக் கரியைத் தோண்டியவர் ஒப்புக்கொண்டார். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அன்று அதைச் சொல்லவில்லை.

இறைச்சி வேறு இல்லை. சுட்டதைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டார்கள். அது வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்து, போய்விட்டது. மாரா சமையலறையில் இருந்ததையெல்லாம் எடுத்து வந்தார். உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒரு கோஸ், பூண்டு, ரோஸ்மேரி, கையளவு எண்ணெய். மூடிக்கு அடியில் அதெல்லாம் போயிற்று. நான் நெருப்புக்குப் பத்தடிக்குள் வரக் கூடாது என்று லூக்கா கோடாலியால் தரையில் ஒரு கோடு கிழித்தார்.

மூன்றரை மணிக்கு மூடி திறந்தது. ஓரமெல்லாம் பொன்னிறமாக மொறுமொறுத்து, நடுவில் வெண்ணெயாகக் குழைந்த கிழங்கு. தட்டை லூக்காவே தூக்கிவந்து மேஜையில் வைத்தார். நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். அதைச் செய்ததே தெரியாத மாதிரி ரொட்டியை எடுத்துப் பிய்க்கத் தொடங்கினார். ஸ்டிப்பே அவரைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை, ஒயினை ஊற்றுகிறேன் என்று துணியில் ஊற்றினார். மாரா குழந்தையைக் கொண்டுபோய் லூக்காவின் மடியில் வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார்.

எனக்கும் ஒரு நாற்காலி வந்தது. சிட்னியில் இறங்கியதிலிருந்து எல்லோரும் சாப்பிடுவதையே நானும் சாப்பிட்ட முதல் வேளை அது. அந்த மூடிக்கு அடியில் முன்பு என்னென்ன வெந்திருக்கும், சற்று முன் என்ன வெந்தது என்பதையெல்லாம் யோசிப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவை என் மனைவிக்கு இதுவரை சொல்லவில்லை.

"சனிக்கிழமைல வெள்ளிக்கிழமைச் சாப்பாடு" என்றார் லூக்கா, மூன்றாவது முறை எடுத்துக்கொண்டே. அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். டாக்டர் மட்டும் கொஞ்சம் முகவாட்டமாக இருந்தார். ஆட்டை நினைத்துக் காலையிலிருந்து பட்டினி கிடந்தவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் லூக்கா குழந்தையை ஏந்தி நின்றார். நீலத் தழும்புக் கைகளில் வெள்ளைத் துணிச் சுருள். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது. வெளியே வந்ததும் ஸ்டிப்பே தன் நாட்டுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் என்னை அழைத்துப்போய் நிறுத்தி, "இவர்தான்" என்றார். அவர்கள் முன்பே கேள்விப்பட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் என் கையைக் குலுக்கிவிட்டுத் தங்கள் கையை முகர்ந்து பார்த்தார்கள். அன்று மாலை லூக்கா கிளம்பும்போது மூடி ஒரு சாக்கில் கட்டி ரயிலேறியது. ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று பேச்சாம். பிரிக்கெட் உள்ள ஊரில் அதை நிரந்தரமாக வைக்க லூக்கா சம்மதிக்கவில்லை.

நெய்வேலிக்குத் திரும்பி என் ஒரு வரியை எழுதினேன். "வாட்டாத கட்டி வீட்டுச் சமையலுக்கு ஆகாது; பழுப்புக் கரியிலும் கறுப்புக் கரியிலும் பல வருட அனுபவம் உள்ள இருவர் முன்னிலையில் நேரில் சோதிக்கப்பட்டது; இருவரும் ஒருமனதாக நிராகரித்தனர்." நான் எழுதியதில் மேலிடம் அப்படியே ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

மேலதிகாரி மட்டும் கடைசி வார்த்தைகளைச் சிவப்புப் பென்சிலால் சுழித்து என்னைக் கூப்பிட்டார். "கறுப்புக்காரனும் பழுப்புக்காரனும் ஒருமனதாவா? இந்த முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பாத்ததில்லையே. எப்படிய்யா சேர்த்து வச்சீங்க?"

"நான்தான் சார் சமைச்சேன்" என்றேன்.